காலை ஏழு மணிக்கு எரிமலைக்கு மேலே!

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,670 சதுர கிலோமீட்டர். இந்துமாக் கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, 2,512 சதுர கிலோமீட்டரில் ஒரு தீவு இருக்கிறது. நம்மைவிட ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். அதற்குள் என்னென்ன இருக்கின்றன தெரியுமா? ஆனைமுடியையும் தோற்கடிக்கும் 3,070 மீட்டர் மலை. அதற்குப் பக்கத்திலேயே, உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. ஒரு சாலைகூடப் போகாத பள்ளத்துக்குள் குடியிருப்புகள். பவளப்பாறை வேலி போட்ட கடல். மலையடிவாரமெங்கும் கரும்பு. கரும்புக்கு நடுவே கோபுரம் எழுப்பிய தமிழ்க் கோயில்கள்! இவ்வளவையும் காலைப் பலகாரத்துக்கு முன்னால் பார்த்து முடித்துவிடலாம், ஹெலிகாப்டரில் ஏறினால்.

தீவின் பெயர் ரீயூனியன். 1946 முதல் பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். செலாவணி யூரோ. மொரிசியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். அங்கே ஹெலிகாப்டரில் சுற்றி வந்தவர்கள் எல்லோரும் படம் காட்டுவார்கள். அருவி, பள்ளத்தாக்கு, எரிமலை வாய் என்று ஒன்றுவிடாமல் இருக்கும். படத்தில் வராத பக்கம்தான் என்னைப் பைத்தியமாக்கியது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அந்தக் குதூகலத்துக்குப் பின்னால் எத்தனை கணக்கு, எத்தனை கண், எத்தனை கை! அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தராசு

மேற்குக் கரையில் சேன் ஜில் பக்கத்து மேட்டில் ஹெலிகாப்டர் தளம். வெளிச்சம் வந்தும் வராததுமாகக் கூட்டம் கூடிவிடுகிறது. உள்ளே போனதும் காபி கிடையாது, வரவேற்புரை கிடையாது. தராசு! பதிவு செய்யும்போதே எடையைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் ஏறி நின்றே ஆக வேண்டும், கையில் இருக்கும் கேமராவோடு.

சுசீந்திரத்து அத்தையையும் கூட்டிப் போயிருந்தேன். "மக்களே, இத்தனை பேருக்கு முன்னால வச்சா எடை பாக்காவ?" என்று தயங்கி நின்றார். காரணம் தெரிந்ததும் சட்டென்று ஏறிவிட்டார். அந்தக் காரணம் எனக்குச் சொக்குப்பொடி போட்டது.

இங்கே சுற்றுலாவுக்கு ஓடுபவற்றில் முக்கியமானது ஏர்பஸ் தயாரிக்கும் எச்125 ரகம். ஒரே இன்ஜின், தலைக்கு மேல் மூன்று இறக்கை கொண்ட விசிறி. வெறும் வண்டி ஏறத்தாழ 1,200 கிலோ. எல்லாம் சேர்ந்து 2,250 கிலோவைத் தாண்டக் கூடாது. மிச்சமுள்ள ஆயிரத்துச் சொச்சம் கிலோவுக்குள்தான் பைலட், பயணிகள், எரிபொருள் எல்லாம் அடங்க வேண்டும். அதோடு போகிற இடம் மூவாயிரம் மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலியும், விசிறிக்குப் பிடிமானம் குறையும். ஒவ்வொரு பத்துக் கிலோவுக்கும் அங்கே விலை உண்டு. இந்த ரகத்தின் முந்தைய வடிவம் ஒன்று 2005 மே 14 அன்று எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிலேயே போய் இறங்கித் திரும்பியது. ஓட்டியவர் திதியே தெல்சால் என்ற பிரெஞ்சுக்காரர். அன்று அவர் தனியாள். பயணிகளை ஏற்றிக்கொண்டு மலை தாண்டும்போது இந்தத் தராசில் விழும் எண்தான் பைலட்டுக்கு வேதம்.

மொத்த எடை மட்டும் போதாது. எடை எங்கே உட்கார்கிறது என்பதும் பார்க்க வேண்டும். முன்பாரமும் பின்பாரமும் வலமும் இடமும் ஒத்துப்போக வேண்டும். அதனால் யாருக்கு எந்த இருக்கை என்பதைத் தராசே தீர்மானிக்கிறது. எல்லோரும் ஏங்குவது பைலட்டுக்குப் பக்கத்து இருக்கைக்கு. முன்கண்ணாடி முழுக்க உங்களுக்கு! அந்த அதிர்ஷ்டம் அத்தைக்கு அடித்தது. என்னைப் பின்வரிசையில் போட்டார்கள்.

அடுத்து பாடம். இடுப்பில் ஒரு சின்னப் பை கட்டிவிடுகிறார்கள். கடலில் இறங்க நேர்ந்தால் பிரித்து ஊதிக்கொள்ள வேண்டிய மிதவை அது. தொப்பி, பை, செல்ஃபிக் கம்பு எல்லாம் கீழேயே. விசிறி சுற்றும்போது வண்டியின் முன்பக்கமாக, பைலட்டின் கண்ணில் படும்படிதான் நடக்க வேண்டும். வால் பக்கம் தலைவைத்தும் பார்க்கக் கூடாது. அங்கே சுற்றும் சின்ன விசிறி வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. தரைப் பணியாளர் ஒருவர் அத்தையின் முந்தானையைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், மறுபடி முந்தானையைப் பார்த்தார். மொழி தேவைப்படவில்லை. அத்தை அதை இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் இறுகச் செருகினார். பணியாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்!

சேலையின் நிறமும் பாராட்டு வாங்கியது. அடர்நீலம். வெளிர் நிறத்தில் உடுத்தினால் கண்ணாடியில் அது பிரதிபலித்து, எடுக்கிற படமெல்லாம் பாழாகும். போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: கருப்பு, கருநீலம், அடர்பச்சை.

ஏன் இவ்வளவு காலையில்?

ஆரல்வாய்மொழி தாண்டிப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு இந்தப் பக்கம் பேச்சிப்பாறை நிறைகிறது. கணவாயைக் கடந்து காவல்கிணறு, பணகுடி என்று போனால் வெயில் காய்கிறது. மேகத்தை மலை பிடித்து வைத்துக்கொள்ள, மழையை இறக்கிவிட்ட காற்று மட்டும் வந்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிறது. ரீயூனியனில் இதே ஆட்டம் திசை மாறி நடக்கிறது. தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கடல் ஈரத்தைக் கிழக்குச் சரிவில் கொண்டுவந்து கொட்டுகிறது. கிழக்கு சொட்டச் சொட்ட நனைய, மேற்கு உலர்ந்து கிடக்கிறது. ஹெலிகாப்டர்கள் மேற்கிலிருந்து கிளம்புவதன் சூட்சுமம் அதுதான்.

கொட்டுகிறது என்று சும்மா சொல்லவில்லை. ஒரே நாளில் மிக அதிகமாக மழை பெய்ததற்கான உலக சாதனை இந்தத் தீவின் மலையுச்சிக்குச் சொந்தம். 1966 ஜனவரியில், தெனீஸ் என்ற புயலின்போது, ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் இருபத்துநாலு மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர்! நாகர்கோவிலில் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம், ஒரே நாளில்.

புயல் இல்லாத நாளிலும் மேகத்துக்கு ஒரு நேரஅட்டவணை உண்டு. விடிகாலையில் மலை துடைத்துவிட்டதுபோல் நிற்கும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலே எழும்பும். முற்பகலுக்குள் பள்ளத்தாக்குகள் வெண்மேகத்தில் மூழ்கிவிடும். அதனால்தான் ஏழு மணி ஷிப்டுக்கு அடிதடி. பைலட்டுகள் அதற்கும் முன்னாலேயே எழுந்து, வானிலை அறிக்கையையும் மலைகளில் பொருத்திய கேமராக்களையும் பார்த்துவிடுகிறார்கள். எந்த வழி திறந்திருக்கிறது, எது மூடும், முதலில் எரிமலையா பள்ளத்தாக்கா என்ற முடிவு அப்போது பிறக்கிறது. அச்சடித்த பாதை என்று ஒன்று கிடையாது. அன்றைய மேகம் விட்ட வழியே அன்றைய பாதை. மேகம் வழிவிடவில்லை என்றால் பயணமே ரத்து, வேறு நாள் தருவார்கள். "ரத்து" என்று தயங்காமல் சொல்கிற பைலட்டைத்தான் நான் நம்புவேன்.

எழும்பியது!

ஓடுபாதையில் ஓட்டம் கிடையாது, குலுக்கல் கிடையாது. கால் தரையைவிட்டு எழும்பியதே தெரியவில்லை. கீழே புல் அலையடித்தது, அப்புறம் கூரைகள், அப்புறம் கடல். பவளப்பாறைக்கு உள்பக்கம் இளம்பச்சை, வெளிப்பக்கம் மைநீலம், நடுவே வெள்ளை நுரையில் கோடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த நீலத்தில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டியோடு வந்து தங்கும். வானிலிருந்து தாயும் சேயும் தனித்தனியாகத் தெரியும்.

பைலட் மூக்கை மலைப்பக்கம் திருப்பினார். ஒரு பாறை விளிம்பு எங்களை நோக்கி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. காலடியில் சில மீட்டரில் புதர் ஓடியது. விளிம்பைத் தாண்டிய நொடியில் தரை இல்லை! ஆயிரம் மீட்டருக்குக் கீழே பள்ளம். ஹெட்போனில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அத்தையின் "எம்மாடி!" மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது.

பித்தோன் தெ நேஜ் என்ற அந்த 3,070 மீட்டர் சிகரத்தைச் சுற்றி மூன்று பெரும் பள்ளங்கள்: மஃபாத், சிலாவோஸ், சலாசி. அணைந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளான பழைய எரிமலையின் உடல் அது. உள்ளே சரிந்தும் மழையில் அரிபட்டும் மலை இப்படிக் கோலமாகிவிட்டது. செங்குத்துச் சுவர்களும் சிகரங்களும் பள்ளங்களும் சேர்ந்த இந்த நிலப்பரப்பை யுனெஸ்கோ 2010-இல் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. சிலாவோஸுக்கு நானூறு வளைவுகள் கொண்ட மலைச்சாலை போகிறது. பருப்புக்குப் பேர்போன ஊர். ஈரம் கொழிக்கும் சலாசியின் பந்தல்களில் தொங்குவதைப் பின்னால் காரில் போய்ப் பார்த்தபோது அத்தைக்கு ஒரே குஷி. நம் வீட்டுக் கூட்டில் போடுகிற அதே சௌசௌ!

பிறகு வந்தது த்ரூ தெ ஃபேர். காட்டுக்கு நடுவே பூமி பிளந்து ஒரு கிணறு. பல பக்கத்திலிருந்து அருவிகள் அதற்குள் விழுகின்றன. நடந்து போனால் தூரத்து மேடையில் நின்று எட்டிப் பார்க்கலாம், அதுவும் மேகம் இல்லாவிட்டால். ஹெலிகாப்டர் மட்டும்தான் அதன் வாய்க்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்துகிறது. பைலட் இரண்டு பக்கமும் சாய்த்து மெல்லச் சுற்றினார். இடப்பக்கம் உட்கார்ந்தவர் பார்த்ததை வலப்பக்கக்காரரும் பார்க்க வேண்டும் என்பது தொழில் தர்மம்!

நெருப்பின் நதிமூலம்

பச்சை சட்டென்று முடிந்தது. செம்மண் வெளி, கரும்பாறை, பழைய வெடிப்புகள் விட்டுப்போன சிறுசிறு கூம்புகள். செவ்வாய்க் கிரகத்துப் படம் என்றால் நம்பிவிடுவோம். அதன் கோடியில் பித்தோன் தெ லா ஃபூர்நேஸ், 2,632 மீட்டர். சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறையாவது வெடிக்கிற எரிமலை. பெரும்பாலும் ஆளில்லாப் பள்ளத்துக்குள்ளேயே லாவா ஓடிவிடுவதால் தீவே திரண்டு வேடிக்கை பார்க்கப் போகும்.

உச்சியில் தொலோமியூ என்ற வாய். ஒரு கிலோமீட்டர் அகலத்தை நெருங்கும். 2007 ஏப்ரலில் அடியிலிருந்த குழம்பு பக்கவாட்டில் வெளியேறிவிட, இந்த வாயின் தரை சில நாட்களுக்குள் முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது! வெளியேறிய லாவா கரையோர நெடுஞ்சாலையை மூடி, கடலில் கலந்து, தீவுக்குப் புது நிலம் சேர்த்தது. விளிம்பைச் சுற்றி வரும்போது சுவரில் அடுக்கடுக்காகப் பழைய லாவாப் படலங்கள் தெரிந்தன. வெளிச்சரிவில் ஓடி உறைந்த லாவா, கொதிக்கும் கருப்பட்டிப் பாகு ஆறும்போது மேலே ஆடைகட்டிச் சுருங்குமே, அச்சு அசல் அப்படியே மடிப்பு மடிப்பாகக் கிடந்தது.

இந்த மலைக்குப் பின்னாலும் கண்கள் உண்டு. 1977 ஏப்ரலில் லாவா பித்தோன் சேந்த் ரோஸ் என்ற ஊருக்குள் புகுந்து வீடுகளை விழுங்கியது. தேவாலயத்தின் வாசலோடு நின்று, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போனது. அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1979-இல் எரிமலை ஆய்வகம் பிறந்தது. மலையெங்கும் நிலநடுக்கமானிகள். குழம்பு மேலே ஏறும்போது மலை லேசாக உப்பும், சின்னச் சின்ன அதிர்வுகள் கூடும். கருவிகள் காட்டிக்கொடுத்ததும் நடைபாதைகளை மூடி, உள்ளே இருப்பவர்களை வெளியேற்றிவிடுவார்கள். வெடித்த செய்தி பரவிய கணமே ஹெலிகாப்டர் தளங்களில் தொலைபேசி ஓயாது. அப்போது வானத்திலும் ஒழுங்கு வேண்டும். எந்த உயரம், எந்தப் பக்கமாகச் சுற்றுவது, யாருக்குப் பின் யார் என்று வரிசைகட்டித்தான் போக வேண்டும்.

இங்கே எனக்குப் புல்லரித்த இடம் வருகிறது. இந்த எரிமலைக்குக் கீழே பூமியின் ஆழத்திலிருந்து எழும்பும் ஒரு வெப்ப ஊற்று உண்டு. ஊற்று ஏறத்தாழ அதே இடத்தில் இருக்க, அதன்மேல் நிலத்தட்டுகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் நின்றது எது தெரியுமா? நம் இந்தியா! மராட்டியத்தைக் கருங்கல்லால் மூடிய தக்காணப் பாறைப் படலங்கள் அந்த ஊற்றின் கைவரிசை என்பது நிலவியலாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. இந்தியா வடக்கே நகர நகர, ஊற்று வழிநெடுக அடையாளம் வைத்துக்கொண்டே போனது: லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், பிறகு மொரிசியஸ், கடைசியாக ரீயூனியன். குளச்சலிலிருந்தும் தூத்தூரிலிருந்தும் நம் மீனவர்கள் மேற்கே வலைவீசப் போகும் கடலுக்கடியில் அந்த நெருப்பின் தடம் கிடக்கிறது. அதன் நுனியில், இன்றும் சூடாக, நான் பார்த்துக்கொண்டிருந்த வாய்!

கரும்பு போட்ட வட்டம்

திரும்பும் வழியில் கண் கீழ்ச்சரிவுக்குத் தானாகவே போனது. கடலுக்கும் காட்டுக்கும் இடையே கரும்பு, கரும்பு, கரும்பு. 1848 டிசம்பர் 20 அன்று இந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை பெற்றார்கள். தோட்ட முதலாளிகள் ஆள் தேடிப் புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களுக்கு வந்தார்கள். ஒப்பந்தம் போட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். கூலி பிடித்தம், அடி, நோய் என்று ஒப்பந்தத்தில் எழுதாதவை அதிகம் நடந்தன. புகார் வலுத்து, 1882-இல் ஆங்கிலேய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. சாமி மட்டும் மாறவில்லை. கிழக்கே சேந்த் ஆந்த்ரே ஊரில் கோபுரக் கோயில் இருக்கிறது. தைப்பூசக் காவடி, தீமிதி, தெருவிளக்கு ஜொலிக்கும் தீபாவளி எல்லாம் உண்டு. மதியச் சாப்பாடு சோறும் பருப்பும் கறியும். வானத்திலிருந்து அழகான பச்சை வட்டமாகத் தெரிவது அவர்களின் முதுகில் வளர்ந்த பச்சை. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஹெலிகாப்டர் சவாரி இன்னும் பெரிதாகிறது.

அதே வண்டி, வேறு சுமை

கடைசியாகச் சொல்ல வைத்திருந்தது மஃபாத். தப்பியோடிய அடிமை ஒருவரின் பெயர்தான் அந்தப் பள்ளத்துக்கு. பிடிக்க வருபவர்கள் எட்ட முடியாத இடம் என்பதால் ஓடிவந்தவர்கள் அங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள். இன்றும் அங்கே சாலை கிடையாது. ஏறத்தாழ எண்ணூறு பேர் சிறுசிறு குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். பள்ளிக்கூடம் உண்டு, கடை உண்டு, மின்சாரம் கூரைமேல் சூரியத் தகட்டிலிருந்து. முன்பு இவ்ரின் போசே என்ற தபால்காரர் பல்லாண்டுகள் கடிதம் சுமந்து நடந்தே இந்தப் பள்ளமெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறார். தீவில் அவர் ஒரு நாயகன்.

அந்த மக்களுக்கு அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், சிமென்ட், கூரைத் தகடு எல்லாம் எப்படிப் போகின்றன? ஹெலிகாப்டரின் அடியில் நீளக் கயிற்றில் தொங்கிக்கொண்டு! திரும்பும்போது குப்பையைக் கட்டி எடுத்து வருகிறார்கள். நோயாளியையும் கால் முறிந்த மலையேறியையும் தூக்கிக்கொண்டு பறப்பதும் ஹெலிகாப்டர்தான். ஊஞ்சலாடும் சுமையைப் பள்ளிக்கூட முற்றத்தளவு இடத்தில் அலுங்காமல் இறக்குகிற அந்தக் கைத்திறனுக்கு முன்னால் எங்கள் சவாரி குழந்தை விளையாட்டு.

இந்தச் சவாரிக்குப் பெரிய சுற்று என்றால் முந்நூறு யூரோவுக்கு மேல் ஆகும். மலிவில்லை. மே முதல் நவம்பர் வரையான உலர்காலத்தில் போங்கள், முதல் ஷிப்டைக் கேட்டு வாங்குங்கள், பயணத்தின் தொடக்க நாட்களிலேயே பதிவு செய்யுங்கள். மேகம் ஏமாற்றினாலும் மறுநாள் கையில் இருக்கும். பறந்து முடித்ததும் ஊர் திரும்பிவிடாதீர்கள். சலாசிப் பக்கத்து விளிம்பிலிருந்து மஃபாத்தின் லா நூவெல் குடியிருப்புக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேர நடை. இறங்கிப் போங்கள், ஓரிரவு தங்குங்கள், அவர்கள் பொங்கிய சோற்றைச் சாப்பிடுங்கள். தலைக்கு மேலே எந்த நேரமும் சுற்றுலா வண்டிகள் இரைந்தால் அங்கே வாழ்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதும் அங்கேதான் புரியும். வானத்தில் காசு கொடுத்து ஒரு மணி நேரம் வாங்கியவர்கள், தரையிலும் ஒரு நாள் கொடுத்தால் கணக்கு நேராகும்.